அத்ஹம் கேட்ட மன்னிப்பு

அத்ஹமை முதல் அத்தியாயத்திலேயே கொன்றிருக்க வேண்டும். படகைக் கவிழ்த்தோ, நெஞ்சுவலி வரவழைத்தோ, ஏதோ ஒரு வழியில். எழுதுகிறவளுக்கு அது ஒரு வரி வேலை. செய்திருந்தால் இன்றைக்கு இந்தத் தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போகவேண்டி வந்திருக்காது என்று ரிஹாம் நினைத்தாள்.

கூடத்தில் அவள் கணவன் ஹைதம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் தங்கை நெர்மீன். எதிரே ரிஹாமின் அப்பா. நடுவில் ஒரு பெட்டி மிஷப்பிக், ரிப்பன் பிரிக்காமல். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் தமியத்தா நகரில் இப்படித்தான் இனிப்போடு வந்து அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் வருவார்கள். ஹைதமுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அதுவும் அவள் எழுதிய கதையைப் படித்துவிட்டு வந்திருக்கிறான்.

கதையை அவள் கைபேசியில் எழுதினாள், வேறு பெயரில், பெண்கள் மட்டும் படிக்கும் ஒரு குழுவில். இருட்டுக் காதல் கதை என்று அங்கே அதற்குப் பெயர். அத்ஹம் என்றொரு முரடன், லாயான் என்றொரு மனைவி. அத்ஹம் அவளை அறையில் வைத்துப் பூட்டுகிறான். பிறகு மனம் உடைந்து, காதலாலேயே அவள் காயத்தை ஆற்றுகிறான். வாரம் ஒரு அத்தியாயம். எனக்கும் ஒரு அத்ஹம் வேண்டும், பூட்டினாலும் பரவாயில்லை என்று படித்தவர்களில் யாராவது கீழே எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும், உடனே கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

ஹைதம் அவளை அடித்தது குறைவு. பூட்டுவான். பக்கத்து மாடிப் பெண்ணோடு பேசினாய், கீழே கடைக்காரனைப் பார்த்துச் சிரித்தாய் என்று ஏதாவது சொல்லி, காலையில் படுக்கையறையைப் பூட்டிவிட்டு மரப் பட்டறைக்குப் போவான். சாயங்காலம் திறந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்பான். பூட்டிய கதவைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. நாள் முழுக்க உள்ளே ஒருத்தி இருந்தாள் என்பதே நடக்காத மாதிரி அவன் கேட்பான். அதனால்தான் அத்ஹமை மண்டியிட வைத்தாள். நிஜத்தில் யாரும் தராத மன்னிப்பை அவன் வாயில் வைத்தாள். பொய் என்று தெரிந்தேதான் எழுதினாள். ஆனால் அந்தப் பக்கத்தை எழுதிய அன்றுதான், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்க முடிந்தது.

"அண்ணி, சாவியைத் தேயிலை டப்பாவுக்குள்ள வெக்கிறது எங்க வீட்டைத் தவிர வேற எங்க நடக்கும்?" நெர்மீன் கோப்பையை எடுத்துக்கொண்டே சொன்னாள். "கதையில அந்த எடம் வந்ததுமே எழுதுறது யாருன்னு புடிச்சிட்டேன். உக்காந்து அண்ணனுக்கு மொத்தத்தையும் வாசிச்சுக் காட்டினேன். அழுதுட்டான் தெரியுமா?"

"கதை எழுதுறாளாம்," என்றார் அப்பா. "நான் கட்டில் செஞ்சு விக்கிறேன், என் பொண்ணு அழுகையச் செஞ்சு ஊருக்கெல்லாம் குடுக்குறா." சிரிக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கோட இதை முடிச்சிருவோம்மா. உன் தங்கச்சிய கேட்டு வந்தவங்க, மூத்தவ விஷயம் என்னாச்சுன்னு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

தங்கை உள்ளறையில் இருந்தாள். கதவுக்குப் பின்னால் அவள் மூச்சு கேட்பது போலிருந்தது ரிஹாமுக்கு.

அப்போதுதான் ஹைதம் எழுந்தான். எழுந்து, அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து, அப்பாவின் கண்ணெதிரே, இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றினான்.

"நான் பூட்டினது கதவை இல்ல, என் பயத்தை," என்றான். "நீ போயிடுவியோன்னு தெனம் செத்தேன். உன்னைச் சாகடிச்சிட்டிருந்தது அப்பத் தெரியல. இனிமே சாவி உன் கையில."

ஒரு சொல்கூட மாறவில்லை. அத்ஹமுக்காக அவள் மூன்று முறை அழித்து எழுதிய வரிகள் அவை. ஆனாலும் அவள் கண் நிறைந்தது. கேட்டே தீரவேண்டும் என்று எத்தனையோ காலம் அவள் காத்துக் கிடந்த வார்த்தைகள், அவன் குரலிலேயே வருகின்றன. யார் எழுதியது என்றெல்லாம் உடம்பு பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினால் கையை நீட்டிவிடுவோமோ என்று பயந்து, விரல்களை உடுப்பின் மடிப்புக்குள் சுருட்டிக்கொண்டாள்.

கதையில் அத்ஹம் அதற்குமேல் பேசமாட்டான். லாயான் வாய் திறக்கும்வரை தலை குனிந்தே இருப்பான். ஹைதம் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். நெர்மீனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் தலையாட்டியதும் அவன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, தேநீரை எடுத்து உறிஞ்சினான்.

"கெளம்பலாமா? மெருகு போட ஆள் வர்றான், நான் பட்டறையில இருக்கணும்."

"ஹைதம்," என்றாள் ரிஹாம். "என்ன நடந்துச்சுன்னு உன் வார்த்தையில சொல்லு."

"அதான் சொன்னேனே."

"அது நான் எழுதினது."

"நீ எழுதினதுதான். உனக்கு என்ன வேணும்னு அதுல இருந்துச்சு, குடுத்தேன். அதுவும் தப்பா?"

தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவன் வேண்டுமென்றே ஏமாற்றுகிறான் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "ஒரே ஒரு நாளைச் சொல்லு போதும். நீ பூட்டிட்டுப் போன ஒரு நாள். உள்ள நான் என்ன பண்ணிட்டிருந்திருப்பேன்?"

அவன் கோப்பையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "பழசெல்லாம் இப்ப எதுக்கு மாமா?"

"முட்டி போட்டாம்மா," என்றார் அப்பா. கெஞ்சுவது போலிருந்தது. "என் முன்னாடி. எந்த ஆம்பளை போடுவான்?"

"இன்னும் ஒரு அத்தியாயம்தான் பாக்கி," நெர்மீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள். "'உன்கூட வர்றேன்'னு லாயான் சொல்லணும் அண்ணி. அதுக்குத்தான் எல்லாரும் காத்திருக்கோம்."

ரிஹாம் அந்தக் கையை மெல்ல விடுவித்து, நெர்மீனின் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"லாயானை நான் பாத்துக்கறேன்," என்றாள். "நான் வரல."

குரல் உயரவில்லை. தேநீர் வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து தெருவில் பட்டறைகள் மறுபடி திறந்தன. எங்கோ ஒரு ரம்பம் மரத்துக்குள் இறங்கும் ஓசை கேட்டது. திறந்த பால்கனி வழியாக வந்த வெயிலில் மரத்தூள் பொன்னாக மிதந்து, அவள் தொடாத கோப்பையின்மேல், ஒன்றன்மேல் ஒன்றாக, மெல்லிய ஏடுபோலப் படிந்துகொண்டிருந்தது.