துடைத்துவிட்ட குமிழி

புதன்கிழமை காலை வண்டி தயாராக இருக்கும் என்று மெக்கானிக் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தெருவில் சொன்ன நேரத்துக்கு வேலையை முடித்துத் தரும் ஒரே ஆள் தான்தான் என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை வேறு யாரும் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்வார்.

வண்டி தபால்காரருடைய பைக். முள்ளும் ஆணியும் கிடக்கும் பாதைகளில் அலைந்து, பஞ்சர் ஒட்டியே ஓய்ந்துபோன மனிதர். கம்பி வைத்த சக்கரத்திலேயே, உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டுத் தரச் சொல்லியிருந்தார். அதற்கேற்ற ரிம்மாகப் பார்த்து வாங்கி, கம்பிகள் நுழையும் துளைகளையெல்லாம் காற்று கசியாதபடி உள்பக்கமாகப் பசை வைத்து அடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டார் மெக்கானிக். எல்லாம் சரிதான். ஆனால் கம்பிகளை முறுக்கிச் சக்கரத்தின் கோட்டத்தை எடுக்கும் வேலையைப் பசை வைப்பதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். அவசரத்தில் அதைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

புதன் காலை டயரை மாட்டிச் சுற்றிவிட்டபோது பின்சக்கரம் லேசாக ஆடியது. இரண்டு கம்பிகளை முறுக்கினார். ஆட்டம் நின்றது. ஆனால் முறுக்கிய இடத்தில் உள்ளே காய்ந்த பசை விட்டுப்போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். கம்பியின் அடியில் கடுகளவு ஒரு குமிழி மெல்ல ஊதி உடைந்தது.

டயரைக் கழற்றி, மறுபடி பசை வைத்து, இன்னும் ஒரு நாள் காயவிட வேண்டும். அதற்குள் தபால்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"என்னண்ணே, ரெடியா?"

மெக்கானிக் துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். "நான் சொன்னா சொன்னதுதான். எடுத்துட்டுப் போங்க தம்பி."

"இனிமே பாப்பாவப் பயமில்லாம பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போவேண்ணே."

அது மெக்கானிக்கைச் சுருக்கென்று தைத்தது. தபால்காரர் வண்டியைக் கிளப்பியபோது கூப்பிட வாயெடுத்தார். ஆனால் கூப்பிடவில்லை.

மறுநாள் மாலை தபால்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கை உரிந்திருந்தது. பின்டயர் சப்பென்று கிடந்தது.

"வளைவுல வழுக்கிடுச்சுண்ணே. பின்னாடி பாப்பா இருந்தா. அவளுக்குக் கை ஒடிஞ்சு மாவுக்கட்டு போட்டிருக்காங்க. காலைலயே டயரு கொஞ்சம் மெத்துமெத்துன்னு இருந்துச்சு. டியூப்லெஸ்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். ஆணி ஏதாச்சும் ஏறியிருக்கும், பாருங்க."

ஆமாம், ஆணிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவம், தப்பிக்கும் வழியை அந்த மனிதரே காட்டிக்கொண்டு நின்றார். மெக்கானிக் டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஆணி இல்ல தம்பி. காத்து கசியுதுன்னு நேத்தே எனக்குத் தெரியும். இன்னொரு நாள் ஆகும்னு சொல்ல மனசு வரல."

சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். ஆனால் தபால்காரர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சொல்லியிருந்தா நான் என்னண்ணே பண்ணியிருப்பேன்? மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிருப்பேன். அதுக்குப் பயந்தா என் புள்ளைய அதுல ஏத்தி அனுப்புனீங்க? வேலைல தப்பு வர்றது எல்லாருக்கும் சகஜந்தான். தெரிஞ்ச தப்ப மறைக்கிறதுதான் பாவம். வாயத் தொறந்து சொல்லிடணும்ண்ணே. சொன்ன நேரத்தவிட ஏறிப் போற உசுரு பெருசு."