முதல் ஊற்று

அன்று பிற்பகல் எங்கடின் என்ற மலைப்பள்ளத்தாக்கின் ஹோட்டல் ஒன்றில், ஊழியர் அறையில் இருந்தவர்கள்: சாலட்டும் குளிர்ந்த இறைச்சியும் தயாராகும் குளிர்சமையலின் பொறுப்பாளர் நெஸ்டோர், உருகுவே நாட்டுக்காரர். பாத்திரம் கழுவும் அரசரத்தினம். அறைகளைத் துப்புரவு செய்யும் நிலோஜினி. பரிமாறும் போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி. குடிப்பதற்குத் தவிர அவள் வாயே திறக்கவில்லை.

குளிர்சமையலில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது அரசரத்தினத்துக்கு வேண்டும். ஆறு வருட நீராவியிலும் சவர்க்காரத்திலும் அவருடைய விரல்கள் வெடித்துப் பிளந்திருந்தன. இனியும் பாத்திரம் கழுவும் மெஷின் முன்னால் நின்றால் வேலையையே விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யாரை எடுப்பது என்று நெஸ்டோர் நான்கு மணிக்குள் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். அவர் அரசரத்தினத்தை, தன் நாட்டு இலைப்பானமான மாத்தே குடிக்கக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு சுரைக்குடுக்கை. அதில் பொடித்த பச்சை இலை, நடுவில் ஒரு வெள்ளிக் குழல். நெஸ்டோர் எல்லார் முன்னாலும் அதைத் தயாரித்து, முதலில் குடித்தார். மறுபடி வெந்நீர் விட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் உறிஞ்சி முடித்ததும் நெஸ்டோர் குழலைத் துடைக்கவுமில்லை, கழுவவுமில்லை. திரும்ப நிரப்பி அரசரத்தினத்திடம் நீட்டினார்.

நாற்பத்தெட்டு வயதுவரை அரசரத்தினம் இன்னொருவர் வாய் பட்டதில் வாய் வைத்ததில்லை. தண்ணீரென்றால் அண்ணாந்துதான். வேறு வழி தோன்றாமல் குழலை உருவி மேசையில் வைத்தார், தலையைப் பின்னால் சாய்த்தார், குடுக்கையை உயரத் தூக்கிக் கவிழ்த்தார். வெந்நீரும் இலையுமாக முகத்தில் கொட்டிச் சட்டைக்குள் இறங்கியது.

"அண்ணை, அது குடிக்கிறது. தலையில ஊத்துறதில்லை," என்றாள் நிலோஜினி.

"எச்சில், பிள்ளை."

"வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா இவன் என்ன நினைப்பான்?"

"இப்ப மட்டும் நல்லதா நினைக்கிறானோ?"

நெஸ்டோர் சிரிக்கவில்லை. தன் நாட்டில் அந்தக் குழலை அசைப்பதே மரியாதைக்கேடு என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். வேலை போயிற்று என்று அரசரத்தினத்துக்கு விளங்கியது. எழுந்து போயிருப்பார், ஆனால் உதட்டில் ஓர் இலைத்துணுக்கு ஒட்டியிருந்தது. அதை மென்றார். புகை பிடித்த வைக்கோல் மாதிரி ஒரு ருசி. இது என்ன சாமான்?

"ஏன் கொதிக்கக் கொதிக்க ஊற்றவில்லை?" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார்.

"இலை வெந்து போகும்."

"இலையை ஒரு பக்கமாகச் சரித்து வைத்தது ஏன்?"

"மறுபாதி காய்ந்து கிடக்க வேண்டும். பிற்பாடு அதில் ருசி மிஞ்சும்."

"முதலில் நீயே குடித்தாயே, அது ஏன்?"

"முதல் ஊற்றுத்தான் கடும் கசப்பு. அதை விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாது. ஊற்றுகிறவன்தான் குடிக்க வேண்டும்."

அரசரத்தினம் அந்தப் பதிலை மனதுக்குள் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

"அப்படியானால் நான் ஊற்றுகிறேன்."

குடுக்கையையும் குழலையும் சுடுநீரில் நன்றாகக் கழுவினார். முக்கால்வாசி இலை போட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் குலுக்கி, ஒரு பக்கமாகச் சரித்தார். பள்ளத்தில் முதலில் ஆறிய தண்ணீர் விட்டார். இலை ஊறும்வரை காத்திருந்தார். குழலின் நுனியைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு உள்ளே இறக்கினார். ஒரே தடவைதான் பார்த்திருந்தார், ஒன்றும் விடவில்லை. நெஸ்டோர் கதிரையை முன்னால் இழுத்துப்போட்டு அந்த வெடித்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் ஊற்றை அரசரத்தினம் குடித்தார். யாருடைய வாயும் படாத குழல். கசப்பு காதுவரை ஏறியது. கசப்புக்குப் பின்னால் இன்னும் ஏதோ இருந்தது. அது என்னவென்று பிடிபடுவதற்குள் தண்ணீர் தீர்ந்து குழல் கறகறத்தது. நிரப்பி நெஸ்டோருக்குக் கொடுத்தார், பிறகு அந்தப் பெண்ணுக்கு, கடைசியாக நிலோஜினிக்கு.

அவள் வாங்கி வைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்கட எச்சிலை நாங்கள் குடிக்கலாமோ, அண்ணை?"

அரசரத்தினம் குழலைப் பார்த்தார். "ஓம். அதை நான் யோசிக்கேல்லை."

அவள் அதை ஜெர்மனில் சொன்னாள். நெஸ்டோருக்குப் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு தரம் பார்த்தே இப்படிச் செய்கிறாய். போய் ஏப்ரனை மாற்று. இன்றைக்கே என்னோடு நில்."

"நில்லுங்கோ, அடுத்த சுற்று உங்கட," என்று நிலோஜினி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் குடுக்கையை நீட்டினாள்.

"எனக்குக் காணும், பிள்ளை," என்றபடி அரசரத்தினம் நெஸ்டோரின் பின்னால் வேகமாக வெளியேறினார். அவள் மிச்சத்தை உறிஞ்சி முடித்தாள், போர்த்துக்கீசப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள்.