முட்டி நூற்றுப் பதினெட்டு

டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். பிணவறையின் மேல்மாடி அலுவலகத்தில் எட்டு வருடமாக உட்கார்ந்து, கீழே அவர்கள் கிறுக்கி அனுப்பும் தாள்களைப் பார்த்துப் பரிசோதனை அறிக்கை அடித்துக் கொடுப்பவள் நான். மருந்துக் கடைக்காரரே கையை விரித்துவிடும் கோழிக்கிறுக்கலை நான் செய்தித்தாள் மாதிரி வாசிப்பேன். ஆனால் அந்த எட்டு வருடத்தில் ஒரு நாளும் கீழே பிணவறைக்குள் இறங்கியதில்லை. பயம்தான், வேறென்ன. தாள் மேலே வரும், அறிக்கை கீழே போகும், இடையில் பதினாறு படிகள்.

அன்று புதன்கிழமை காலை, கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு பெண் என் மேசை முன்னால் வந்து நின்றாள். தோளிலெல்லாம் நூல் துண்டுகள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"மேடம், வக்கீல் உங்களைப் பார்க்கச் சொன்னாரு. இதைப் படிக்க உங்களை விட்டா ஆளே கிடையாதாம்."

நான் புகழ்ச்சிக்கு மயங்காதவள் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். மயங்கினேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் தம்பி ஒரு கிடங்கில் காவலாளி. எட்டு மாதத்துக்கு முன்னால், காவல் மாற்றும் நேரத்தில், அவனுடைய துப்பாக்கி வெடித்து இன்னொரு காவலாளி செத்துப்போனார். தோள் வார் அறுந்து துப்பாக்கி விழுந்தது, அதன் அடிக்கட்டை தரையில் மோதி வெடித்தது என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யாரும் நம்பவில்லை. முந்தின நாள்தான் இருவருக்கும் விடுமுறை விஷயமாக வாய்ச்சண்டை நடந்திருந்தது. இரும்புப் படிக்கட்டில் நின்று கீழே குறிபார்த்துச் சுட்டான் என்பது போலீஸ் கட்சி. வெள்ளிக்கிழமை தீர்ப்பு. டாக்டர் கையால் எழுதிய தாளின் நகல் வேண்டும் என்று வக்கீல் கடைசி நேரத்தில் கேட்டு வாங்கியிருந்தார். வாங்கியதும்தான் தெரிந்தது, அதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை என்று.

"குடுங்க" என்று வாங்கி வாசித்தேன். "குண்டு நுழைஞ்ச இடம், முன்பக்கம், இடது தொடை ஆரம்பிக்கிற இடம், எண்பத்தெட்டு. வெளிய போன இடம், பின்பக்கம், எழுபத்தெட்டு."

"அந்த ரெண்டு நம்பர்தான் மேடம் எங்களுக்கு எமனா வந்து நிக்குது" என்றாள்.

எனக்கும் புரிந்தது. அறிக்கைப் படிவத்தில் காயத்தின் உயரத்தைக் குதிகாலிலிருந்து சென்டிமீட்டரில் எழுத வேண்டும் என்று அச்சடித்தே இருக்கும். முன்னால் எண்பத்தெட்டில் நுழைந்து பின்னால் எழுபத்தெட்டில் வெளியே வந்தால், குண்டு மேலிருந்து கீழே போயிருக்கிறது. தரையில் விழுந்து வெடிக்கும் துப்பாக்கி கீழிருந்து மேலேதான் சுடும். கணக்கு அவள் தம்பி பக்கம் இல்லை.

"அவ்வளவுதாங்க. மிச்சமெல்லாம் அடையாளம்" என்று தாளை நீட்டினேன்.

"அதையும் படிங்களேன். இவ்வளவு தூரம் வந்துட்டேன்."

எனக்கு வேலை கிடந்தது. எரிச்சலோடுதான் படித்தேன். "மொத்த உயரம் நூத்தி அறுபத்தெட்டு. கழுத்துல மச்சம், இருபத்தேழு. வலது முட்டியில பழைய தழும்பு, நூத்திப் பதினெட்டு."

"எவ்வளவு?"

"நூத்திப் பதினெட்டு. ஒன்னு, ஒன்னு, எட்டு. என் கண்ணு மேல சந்தேகமா?"

"உங்க கண்ணு மேல இல்ல மேடம். முட்டி மேல."

சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்த நாடாவை உருவினாள். நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் என்னை எழுப்பி நிறுத்தி, கீழே உட்கார்ந்து, நாடாவின் நுனியை என் குதிகாலில் வைத்துவிட்டாள்.

"பாருங்க, உங்களுக்கு முட்டி நாப்பத்தஞ்சுல இருக்கு. செத்தவருக்கு மட்டும் நெஞ்சுலயா இருந்துச்சு?"

அவள் மூச்சு விடாமல் பேசினாள். "அந்தக் கிடங்குல எல்லாருக்கும் யூனிஃபார்ம் தைச்சுக் குடுக்கிறவ நான். அவரு பேன்ட் அளவு இன்னமும் என் நோட்டுல இருக்கு. சைக்கிள்ல விழுந்து வலது முட்டி கிழிஞ்சப்போ ஒட்டுப் போட்டுக் குடுத்ததும் நான்தான். அவருக்கு முட்டி சரியா அம்பதுல வரும்."

நூற்று அறுபத்தெட்டில் நூற்றுப் பதினெட்டு போனால் ஐம்பது.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. தாளில் இருந்த அளவுகள் குதிகாலிலிருந்து எடுத்தவை அல்ல. உச்சந்தலையிலிருந்து எடுத்தவை! கழுத்து மச்சம் இருபத்தேழு என்றால் வேறெப்படி இருக்க முடியும்? கிடைத்த காகிதத்தின் ஓரத்தில் கழித்துப் பார்த்தேன். நுழைந்த இடம் தரையிலிருந்து எண்பது. வெளியேறிய இடம் தொண்ணூறு.

"மேல போயிருக்கு!" என்று அவள் கத்தினாள். "குண்டு கீழேருந்து மேல போயிருக்கு மேடம்!"

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்திக்கொண்டார்கள். இரண்டு காயமும் உடம்பின் நட்டநடுவில் இருந்ததால், தலையிலிருந்து எண்ணினாலும் காலிலிருந்து எண்ணினாலும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. போலீஸ், வக்கீல், டாக்டர், ஒருவருக்கும் உறுத்தவில்லை. அடையாளங்களுக்கு அறிக்கையில் அளவு போடும் வழக்கமே கிடையாது. முட்டி நூற்றுப் பதினெட்டு இந்தக் கைத்தாளில் மட்டும்தான் இருந்தது.



"இந்த அறிக்கையை அடிச்சது யாரு மேடம்?" என்று அவள் கேட்டாள்.

"நான்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டாள். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. தாளைப் பிடுங்கிக்கொண்டு நேரே படிக்கட்டுக்குப் போனேன்.

கீழே இருந்த உதவியாளர் என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "அம்மா! நீங்களா! யாராவது செத்துட்டாங்களா?"

அந்த இடத்தில் கேட்கிற கேள்வியா அது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணே, அளவு எப்படி எடுப்பீங்க? காட்டுங்க."

எஃகு மேசையின் தலைமாட்டில் ஒரு கொக்கி. அதில் அளவு நாடா தொங்கியது. "கால் பக்கம் தண்ணி ஓடுற தொட்டிம்மா. அங்க மாட்டினா துருப்பிடிச்சுப் போகும். நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து தலைமாட்டுலதான் கிடக்கு."

"அப்போ குதிகால் கணக்கு?"

"பெரிய டாக்டர்தான் மொத்த உயரத்துலேருந்து கழிச்சு, தனிச் சீட்டுல எழுதி மேல அனுப்புவாரே. நீங்க பார்த்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். அழகான சின்னச் சீட்டு. பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. புதிய டாக்டர் சீட்டு எழுதுவதில்லை, கைத்தாளையே அனுப்பிவிடுவார். கழிப்பது என் வேலை என்று அவர் நினைத்திருக்கிறார். கழித்துத்தான் அனுப்புகிறார் என்று நான் நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. எண்ணைப் பார்த்தேன், கட்டத்தில் போட்டேன்.

புதிய டாக்டர் தன் அறையில் இருந்தார். சொன்னதும் முதலில் அவர் வாயில் வந்தது, "தட்டச்சுப் பிழைன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடுங்களேன்."

எனக்கு வந்ததே கோபம். "பிழை என்னோடதுதான் டாக்டர், இல்லைங்கல. ஆனா அளவும் உங்களுது, அடியில கையெழுத்தும் உங்களுது. கழிக்காம அனுப்பினது நீங்க, கழிக்காம அடிச்சது நான். கோர்ட்டுக்குப் போறதுன்னா ரெண்டு பேரும்தான் போகணும்."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு முறை கழித்தார். மறுபடி கழித்தார். மூன்றாவது முறை கழித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சாட்சிக் கூண்டுல நின்னு, மேலேருந்து கீழன்னு நான் அடிச்சுச் சொன்னேனே" என்றார்.

"இப்ப வந்து கீழேருந்து மேலன்னு சொல்லுங்க."

வியாழன் முழுவதும் வக்கீல் பின்னால் நானும் தையல்காரியும் ஓடினோம். மனு எழுதினார், நகல் எடுத்தோம், கொக்கியைப் படம் பிடித்தோம். மதியம் சாப்பிட மறந்துபோனதே சாயங்காலம்தான் தெரிந்தது. அவள் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் போன காட்சியை என் கணவர் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை, தீர்ப்பு வாசிக்கக் காகிதத்தைக் கையில் எடுத்த நீதிபதியம்மா, மனுவைப் படித்துவிட்டுத் தீர்ப்புத் தாளைக் கவிழ்த்து வைத்தார். டாக்டர் கூண்டில் ஏறி மென்று விழுங்கித் தன் வாக்குமூலத்தைத் திருத்தினார். அரசு வக்கீல் குதித்தார். "எட்டு மாசம் கழிச்சு கணக்கை மாத்தினா எப்படி?" நீதிபதியம்மா தையல்காரியைக் கூப்பிட்டார். அவள் அளவு நோட்டைக் காட்டினாள். பிறகு நீதிபதி சொன்னபடி, நீதிமன்றத்தில் எல்லார் முன்னிலையிலும் டாக்டரின் முழங்காலை அளந்தாள். ஐம்பத்திரண்டு. எங்கோ பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள்.

அடுத்து நீதிபதியம்மா என்னைக் கூப்பிட்டார். "பதினாலு மாசமா உங்களுக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்று கேட்டார்.

தயார் செய்து வைத்திருந்த பதிலெல்லாம் மறந்துவிட்டது. "கீழ இறங்கிப் பார்க்கலைங்க" என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வார் அறுந்திருந்ததையும், கீழே போட்டால் அந்தத் துப்பாக்கி வெடிக்கும் என்பதையும் ஆயுத நிபுணர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தை அதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. மாலை நான்கு மணிக்குத் தம்பியை விடுதலை செய்து உத்தரவு வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், தையல்காரி அவன் முன்னால் நின்று இடுப்பைப் பார்த்தாள். "பேன்ட் இடுப்புலயே நிக்கல, பாவிப் பயலே. நாலு இன்ச் பிடிக்கணும்" என்று திட்டிக்கொண்டே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். நானும்தான்.

கிளம்பும்போது அவள் தன் நாடாவை என் கையில் திணித்தாள். "வச்சுக்கோங்க மேடம். கடையில வேற இருக்கு."

திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் அலுவலகம் வந்து அலமாரியைத் திறந்தேன். பதினான்கு மாதக் கைத்தாள்கள். காயத்தின் உயரம் போட்டவை பதினொன்று. அவற்றைச் சரிபார்த்துத் தரச் சொல்லி நீதிமன்றம் கேட்டிருந்தது, கேட்காவிட்டாலும் நான் திறந்திருப்பேன். முதல் கோப்பு, துப்பாக்கிக் காயம், உயரம் நூற்று எழுபது. நுழைந்தது எண்பத்தாறு, வெளியேறியது எண்பது. சுட்டவருக்குத் தண்டனை விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அடையாளங்கள் வரிக்கு வந்தேன். இடது கணுக்காலில் பச்சை குத்திய பூ, நூற்று அறுபத்தொன்று.

தாளையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.