அருவி இரைச்சலைத் தாண்டிய சொல்

ஹஸீபாவால் உட்கார முடியவில்லை. ஐந்தருவிக்குப் போகும் பேருந்தில் இடம் கிடைத்தும் கம்பியைப் பிடித்து நின்றபடி, உதடுகளுக்குள் ஆங்கில வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நாளை மறுநாள், சனிக்கிழமை, திருவனந்தபுரத்தில் அவளுக்குத் தேர்வு. வெளிநாட்டு மருத்துவமனைகளில் செவிலியராகச் சேர விரும்புவோர் கடந்தாக வேண்டிய ஆங்கிலத் தேர்வு. படிப்பதில் தேறிவிட்டாள், எழுதுவதில் தேறிவிட்டாள். பேசுவதில் மட்டும் இருமுறை தவறிவிட்டாள். இம்முறையும் தவறினால் அயர்லாந்திலிருந்து வந்திருக்கும் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"உக்காரேன்ட்டி. பஸ்ஸை நீதான் தள்ளிக் கொண்டுபோற மாதிரி நிக்கே," என்றாள் அபர்ணா. தென்காசியில் ஒரே தனியார் மருத்துவமனையில் இருவருக்கும் வேலை. அபர்ணா சென்ற ஆண்டே தேறிவிட்டு விசாவுக்குக் காத்திருந்தாள்.

"உக்காந்தா மறந்துபோகும்."

"மறக்கதுக்கு என்ன இருக்கு? இங்கிலீஷ் தெரியாமலா இருக்கே? எல்லா வார்த்தையையும் ஒரே கனத்துல போட்டு இறக்குதே. கேக்குதவனுக்கு எதை எடுக்க, எதை விடன்னு தெரியல. அதான் ஒன் வியாதி."

தமிழில் ஒரு 'தான்' சேர்த்தால் முடிந்துவிடுகிற வேலையை ஆங்கிலத்தில் குரலே செய்தாக வேண்டும். வாக்கியத்தில் ஒன்றிரண்டு சொற்கள் தலை நிமிர்ந்து நிற்க, மற்றவை தாழ்ந்து ஓட வேண்டும். இதைப் பழக்கத்தான் அபர்ணா அவளை அருவிக்கு இழுத்து வந்தாள். அந்த இரைச்சலில் எல்லாச் சொல்லும் பிழைக்காது. அழுத்திச் சொன்ன சொல் மட்டுமே மறுபக்கம் வந்து சேரும்.

சாரல் காலம். பெண்கள் குளிக்கும் பக்கம் கூட்டம் நெரிந்தது. அபர்ணா படிக்கட்டின் மேல்முனையில் நின்றுகொண்டாள். ஹஸீபா கீழே கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுவலியோடு வந்த நோயாளியை மருத்துவமனையில் தங்கச் சம்மதிக்க வைக்கும் உரையாடலைத் தொடங்கினாள். இரண்டு நிமிடம் பேசியிருப்பாள். அதற்குள் ஈரச் சேலையோடு ஒரு பெண் அவள் தோளைப் பற்றினாள். வாசுதேவநல்லூரிலிருந்து வேனில் வந்திருந்த சங்கரேஸ்வரி.

"யாருக்கும்மா முடியல? டாக்டரு டாக்டருன்னு கத்துதியே. ஏ கூட்டமா நிக்காதிய, காத்து வரட்டும். இந்தப் புள்ளைகூட வந்தவுக யாரோ மயங்கிட்டாவ போல."

பாதுகாப்புக்கு நின்ற பெண் காவலரும் வந்துவிட்டார். "எங்க? ஆளு எங்க?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல மேடம். பரீட்சைக்குப் படிக்கேன்."

"அருவியிலயா?"

"வீட்டுல லைட்டு இல்லன்னா ரோட்டு லைட்டுல படிக்கலயா, அது மாதிரி," என்றாள் ஓடி வந்த அபர்ணா. காவலர் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கம்பியைத் தாண்டக் கூடாது என்று எச்சரித்துப் போனார். சங்கரேஸ்வரிக்கு ஏமாற்றம். "நல்ல படிப்பு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் அருவிக்குள் நுழைந்தாள்.

"ஒரே கனம்னு சொன்னேன்ல, அது தப்பு," என்றாள் அபர்ணா. அவள் முகத்தில் சிரிப்பில்லை. "எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் கேட்டுது. டாக்டர் வில் சீ யூ, டாக்டர் வான்ட்ஸ் யூ டு ஸ்டே. என்ன நோவு, எதுக்குத் தங்கணும், ஒண்ணும் வரல. டாக்டரு மட்டும் வாராரு."

ஹஸீபாவுக்குச் சுருக்கென்றது. பொய்யில்லையே! அவர்கள் மருத்துவமனையில் செவிலிக்கு வாய் உண்டு, வார்த்தை கிடையாது. நாடி தளர்வதை முதலில் காண்கிற கண் அவளுடையது. அதைக் கண்டதாகச் சொல்லும் உரிமை மட்டும் அவளுடையதன்று. டாக்டர் வருவார், டாக்டர் சொல்வார், டாக்டரைக் கேளுங்கள். ஆறு ஆண்டுகளாக நாள் முழுதும் இதையே ஓதிய நாக்கு ஆங்கிலத்தை மட்டும் விட்டுவைக்குமா? அடிமைப் பழக்கத்துக்கு மொழி பேதம் இல்லை.

"இன்னொருக்கச் சொல்லுதேன். போ, மேல போ."

இம்முறை அவள் நோயாளியை மனக்கண்முன் நிறுத்திப் பேசினாள். அபர்ணா மேலிருந்து விரல் மடக்கினாள்: ஹார்ட். சீரியஸ். ஸ்டே. மூன்றும் வந்து சேர்ந்துவிட்டன. நான்காவதற்குள் ஹஸீபாவின் கைப்பேசி அதிர்ந்தது. மருத்துவமனை மேலாளர் செல்லச்சாமி.

"சனிக்கிழமை டூட்டிக்கு வந்துரும்மா. ஜெயசித்ரா லீவு. டாக்டர் சொல்லிட்டாங்க."

"அண்ணாச்சி, அன்னைக்கு எனக்குப் பரீட்சை. போன மாசமே லீவு கேட்டு டாக்டர்கிட்ட…"

"என்ன ஒரே இரைச்சலு? டாக்டரா? ஆமா, டாக்டர்தான் சொல்லுதாங்க."

அந்த முனைக்கும் அந்த ஒரு சொல்தான் போயிருந்தது. ஹஸீபா கண்ணை மூடித் திறந்தாள்.

"சனிக்கிழமை வர மாட்டேன்."

"கேக்கல."

"வர… மாட்டேன்."

"இப்பக் கேட்டுட்டு," என்றார் செல்லச்சாமி. "அப்ப திங்கக்கிழமையும் வரவேண்டாம்னு சொல்லுவாங்க. யோசிச்சுக்க."

"அவங்க சொல்லட்டும் அண்ணாச்சி. நான் சொல்லிட்டேன்."

இறங்கி வந்த அபர்ணாவிடம், "தோத்தா இனி அங்கயும் வேலையில்ல, இங்கயும் வேலையில்ல," என்றாள்.

"பரவால்ல, படிக்க டைம் கிடைக்கும்," என்ற அபர்ணாவின் முதுகில் ஈரத் துப்பட்டா ஓங்கி விழுந்தது.

சனிக்கிழமை விடியலில், மாநில எல்லையான புளியறையில் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றபோது ஹஸீபா இறங்கி, சோதனைச்சாவடி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பார்த்ததால் லாரிகள் நகர்ந்துவிடவில்லை. ஆனாலும் உரிய நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

தேர்வறையில் குளிர்சாதனத்தின் மெல்லிய மூச்சைத் தவிர ஒலியே இல்லை. எதிரே நோயாளியாக நடிக்க ஒரு மலையாளப் பெண்மணி. மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவி. அவர் மதிப்பெண் போடுகிறவர் அல்லர்; பதிவைக் கேட்கிறவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். நோயாளிக்கு நெஞ்சுவலி, மகளுக்கு அடுத்த வாரம் திருமணம், வீட்டுக்குப் போயே தீருவேன் என்கிறார். ஹஸீபா வாய் திறந்தாள். முதல் வாக்கியமே ஐந்தருவிக் குரலில் வெடித்தது. அந்த அம்மாள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

ஹஸீபாவுக்கு வியர்த்தது. இங்கே எதைத் தாண்டிக் கத்துகிறேன்? அழுத்தம் என்பது கூச்சல் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குரலைத் தணித்தாள். வேண்டாத சொற்களை விரைந்து ஓடவிட்டாள். வேண்டிய சொல் வந்ததும் நின்று, அதை நீட்டி, நோயாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். உங்கள் இதயம். இது ஆபத்து. நீங்கள் தங்க வேண்டும்.

"ஐ வில் கம் டுமாரோ," என்றார் அந்த அம்மாள், நடிக்க வேண்டியதை எழுதிக் கொடுத்திருந்த அட்டையில் இருந்தபடி பிடிவாதமாக.

"நாட் டுமாரோ." ஹஸீபா ஒரு மூச்சு விட்டாள். "டுடே."

அந்த அம்மாள் இன்னும் ஒருமுறை மறுத்திருக்க வேண்டும். கையிலிருந்த அட்டை அப்படித்தான் சொல்லியது. அவரோ அட்டையைப் பார்க்காமல் ஹஸீபாவையே பார்த்தார். "எங்கில் மோளெ விளிக்கட்டே," என்றார். அப்படியானால் மகளைக் கூப்பிடுகிறேன் என்று தாய்மொழியில் வாய்தவறிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு கண்ணில் பட்டதும் திடுக்கிட்டு, அதையே அவசர அவசரமாக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்.