மாமியார் எடுத்த வைவா

அவசர மருத்துவ எம்.டி.யின் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஸ்டெல்லா தோற்றது பதில் தெரியாமல் அல்ல. பூச்சிமருந்து குடித்தவனுக்கு அட்ரோபின் ஊசி போடுவேன் என்று சரியாகத்தான் சொன்னாள். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நாடி ஏற்கெனவே வேகமா ஓடுதே. நிச்சயமா?" என்று கேட்டார். அந்தப் பார்வையில் அவளுக்கு நாக்கு புரண்டுவிட்டது. "நிறுத்திடுவேன் சார்" என்றாள். காகிதத்தில் மட்டுமே இருந்த அந்த நோயாளி செத்துப்போனான்.

துறைத்தலைவர் ஆறுதலாகத்தான் பேசினார். "இந்த வேலைக்கு ஒரு திமிர் வேணும்மா. உங்க ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக் போட்டுக்கிட்டு நிம்மதியா இரேன்."

உங்க ஊர்ப் பக்கம். சோரியாங்குப்பத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளைப் படிக்க வைத்தார்கள். வீடு திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பாகூரைத் தாண்டுவதற்குள் மறுபடி எழுதுவதென்று முடிவு செய்துவிட்டாள்.

வீட்டில் கணவன் மணிவண்ணனைத் தேர்வாளராக உட்கார வைத்தாள். அவனுக்கு முறைக்க வரவில்லை. முறைத்தால் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அடுப்படியிலிருந்து மாமியார் ஜோஸ்பின் எட்டிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இன்னொரு வாட்டி? தெருவுல கேக்குறாங்க, உன் மருமவ டாக்டரு தானான்னு. மானம் போவுது."

சொல்லிவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். தெருச் சண்டையையே அடக்கும் பார்வை அது. ஸ்டெல்லா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அத்த, இங்க வந்து உக்காருங்க. நான் இன்னா சொன்னாலும் இதே மாதிரி பாத்து, நிச்சயமான்னு கேளுங்க. அது போதும்."

"எனக்கு இங்கிலீசு புரியாதே."

"புரியவே வேணாம்."

அன்றிலிருந்து பணி முடிந்து வந்ததும் ஸ்டெல்லா நோயாளிகளின் கதையைச் சொல்ல, ஜோஸ்பின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே முறைத்தாள். ஆரம்பத்தில் ஸ்டெல்லா பதிலை மாற்றி மாற்றிச் சொன்னாள். ஜோஸ்பினுக்கோ ருசி கண்டுவிட்டது. "பொய்யி", "யாராண்ட கதை உடுற" என்று சொந்தமாகவும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் ஸ்டெல்லா வெடித்தாள். "நிச்சயம்தான்! நூறு வாட்டி கேட்டாலும் மாத்த மாட்டேன்!"

கீரைத்தட்டு கீழே இறங்கியது. "என்னாண்டயே கத்துறியா?"

"கத்தினது தேர்வாளராண்ட, அத்த."

ஜோஸ்பின் அதற்குப் பிறகு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். மணிவண்ணன் இருவருக்கும் நடுவில் தூது போய்க் களைத்தான். பிறகு ஒருநாள் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ம், சொல்லு. எவன் சாவக் கெடக்குறான்?"

மறு வைவாவில் தேர்வாளர் வேறு ஒருவர். குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்து, மூச்சு திணறும் அறுபது வயதுக்காரர். முன்பே மாரடைப்பு வந்தவர். என்ன செய்வாய்?

"தொடையில் அட்ரீனலின் ஊசி. உடனே."

"இதய நோயாளிக்கா? நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லு. ஊசி போட்டு அவர் செத்தா யார் பொறுப்பு?"

பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளர் லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிறாரா, சரி என்கிறாரா என்று புரியவில்லை. அவள் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"மூச்சுக்குழல் அடைச்சுக்கிட்டிருக்கு சார். மானிட்டர் போட்டுப் பாத்துக்குவேன். ஆனா ஊசி போட்டே தீருவேன். போடாம அவர் செத்தா, அதுக்குத்தான் நான் பொறுப்பு."

கேள்வி கேட்டவரின் முகம் இளகவே இல்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வெளியே வந்தபோது, தேறினோமா தோற்றோமா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த முறை ஆளை அவள் சாக விடவில்லை.

தேர்ச்சி என்ற செய்தி வந்தபோது மணிவண்ணன் அவளைத் தூக்கிச் சுற்றினான். ஜோஸ்பின் தெருவில் நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பெரிய டாக்டரு ஆயிட்ட. இனிமே என்னை எதுத்துப் பேச மாட்டல்ல?"

"பேசுவேன் அத்த" என்றாள் ஸ்டெல்லா.