மேற்படி மூச்சு

சொரிமுத்து ரிட்டயர்டு ஏட்டு. ஸ்டேஷன் ரைட்டராக முதல் தகவல் அறிக்கை எழுதியே காலம் கழித்தவர். வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாக அவர் பேச்செல்லாம் ஒரு 'ம்'மில் அடங்கிவிடும்.

அவருடைய நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரும் தென்காசி ஜோதிலட்சுமி, பேசிக்கொண்டே நடக்கச் சொல்லியிருந்தாள். முழு வாக்கியம் வந்தால் வேகம் சரி. ஒற்றை வார்த்தைதான் வருகிறதென்றால் நின்றுவிட வேண்டும்.

ஏட்டுக்கு ஒரே ஆசை. இந்தச் சாரலுக்குக் குற்றாலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மெயின் அருவி வரை சொந்தக் காலில் போக வேண்டும். குளிக்கக்கூட வேண்டாம். போன வருஷம் ஆட்டோவில் போய் இறங்கியதை, ஸ்டேஷனில் கூட வேலைபார்த்த நல்லதம்பி பார்த்துத் தொலைத்துவிட்டான். மூச்சு முட்டினால் இந்தத் தடவையும் ஆட்டோதான் என்று மனைவி வள்ளித்தாய் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

கிளம்பிய பத்தாவது எட்டில், சாரல் நல்லா விழுதுல்லா என்று கேட்டாள்.

"ம்."

பிடித்து உட்காரவைத்துவிட்டாள். எழுந்து நடந்ததும், சிப்ஸ் வாங்கட்டுமா என்றாள். மறுபடி 'ம்'; பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மறுபடி உட்காரவைத்தாள். மூன்றாவது 'ம்'முக்கு ஆட்டோவுக்கே கை நீட்டினாள்.

"ஏட்டி, நான் எப்பவும் இப்படித்தானட்டி பேசுதேன்."

"மூச்சு இல்லாம 'ம்'னு சொல்லுதியளா, மனசு இல்லாம சொல்லுதியளான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

ஏட்டு யோசித்தார். முழு வாக்கியத்தில் அவருக்குக் கைவந்தது ஒரே ரகம்தான்.

"மேற்படி சாலையில், காலை எட்டு மணியளவில், அடையாளம் தெரியாத குரங்கு ஒன்று, மேற்படி பெண்மணியின் கையிலிருந்த நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு தப்பிச் சென்றது."

வள்ளித்தாய் கையைப் பார்த்தாள். பொட்டலம் இல்லை.

அதன்பின் ஏட்டுக்குத் தடையே இல்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள், ஈரத்தலையோடு எதிரே வந்தவர்கள், எல்லாரும் அறிக்கையில் ஏறினார்கள். அருவி இரைச்சல் கேட்கிற இடத்தில் பேச்சு எங்கேயோ திரும்பியது.

"கல்யாணத்தன்று, மேற்படி வள்ளித்தாய் என்பவரை முதன்முதலாகப் பார்த்தபோது, எனக்கு..."

மூச்சு போதாமல் வாக்கியம் அறுந்தது. அருவிக்கு இன்னும் ஐம்பது எட்டுதான். பேசாமல் நடந்துவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஏட்டு தானாகவே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்துப் பைய ஊதினார். சட்டைப் பையிலிருந்த மூச்சு மருந்துப் பம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதற்கு வேலை வரவில்லை.

பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோவை வள்ளித்தாய் போகச் சொன்னாள்.

"முட்டுததுக்கு முந்தியே நீங்களா உக்காந்துட்டியள்லா. அது தோத்ததா ஆகாது. ஆறுதலா எந்திரிங்க." கொஞ்சம் பொறுத்து, "அந்த வரிய முடிக்கலயே," என்றாள்.

ஏட்டு எழுந்தார். மூச்சு சீராகியிருந்தது.

"எனக்கு மேற்படியாரை ரொம்பப் பிடித்துப்போனதாகத் தெரியவருகிறது."

வள்ளித்தாய் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ம்," என்றாள்.

ஏட்டு நின்று, சுவரைக் காட்டினார்.

"ஒத்த வார்த்தைதான் வருது. நீயும் செத்த உக்காருட்டி."