பசி அடங்காத கோழிகள்

கெலமங்கலத்துக்கு மேற்கே, தங்கள் கோழி ஷெட்டுக்குள் முனிலட்சுமி உமியைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆள் நடந்தாலே அலறிச் சிதறும் பிராய்லர் கோழிகள் அன்று ஒதுங்கவே இல்லை. காலால் தள்ளினால் நகர்ந்து, மறுபடி கண்ணைச் சொருகிக்கொண்டன. தீவனத் தொட்டியின் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தின்றன. தின்றும் தூங்கியும் ஊதிப்போகும் கோழியைப் பார்த்தால் எந்தப் பண்ணைக்காரன் மனசும் குளிரும். அவளுக்கு அது சரியாகப் படவில்லை.

குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் இவர்களுடையவை. எடை கூடினால் கூலி கூடும். அதனால் சொல்வதா விடுவதா என்று அவளும் புருஷன் கோவிந்தப்பனும் குழம்பி, கடைசியில் அவள்தான் கம்பெனிக்கு போன் போட்டாள். கம்பெனி டாக்டர் ஆனந்தராஜ் வந்து ரத்தம் எடுத்துப் போனார்.

சில நாள் கழித்து, ரத்தப் பரிசோதனை முடிவோடு டாக்டர் வருகிறார் என்று காலையில் கம்பெனி சூப்பர்வைசர் பெருமாள் போன் செய்து, தொட்டிகளைக் கழுவி வைக்கச் சொன்னான். டாக்டர் வரும் நாளில் கழுவுவது எப்போதும் உள்ள வழக்கம்தான். கோவிந்தப்பன் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தான்.

பெருமாளோடு வந்த டாக்டர் ஒரு கோழியைத் தூக்கி உள்ளங்கையில் மல்லாத்தினார். அது அப்படியே கிடந்தது.

"ரத்தத்துல கஞ்சா சத்து இருக்கு" என்றார்.

கோவிந்தப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோழிக்கு எங்க சார் போதை ஏறும்?"

"ஏறும். மனுஷன் மூளையில கஞ்சா போய் ஒட்டிக்கிற எடம் இருக்கு. அதே மாதிரி எடம் பறவை மூளையிலயும் இருக்கு. அங்க ஒட்டிக்கிச்சின்னா பசி அடங்காது, தூக்கம் தெளியாது."

"அப்புறம் என்ன, எடை ஏறும்" என்று பெருமாள் குறுக்கே வந்தான். "எடை ஏறுனா யாருக்கு லாபம்? ஏன்யா கோவிந்தப்பா, எங்க வாங்கிக் கலந்த?"

முனிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். மலைப்பக்கம் சேக்காளி வீட்டுக்குப் போனவன் போன வாரம் ஒரு பையோடு வந்தான். புளி என்றான். மேலே புளிதான் இருந்தது. அடியில் கையை விட்டு அவள் பார்க்கவில்லை. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அவனைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"ஏங்க, எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்க. அந்தப் பையில என்ன இருந்திச்சி?"

"புளிதான்டி. நீயுமா சந்தேகப்படுற?" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த வெள்ளை மூட்டைகள் நினைவுக்கு வந்தன. வேகமாகத் திரும்பி வந்து பெருமாளிடம் கேட்டாள்.

"சார், பேரே அச்சடிக்காத வெள்ளை மூட்டை வந்திச்சில்ல? புதுத் தீவனம், எடை நல்லா வரும், யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு நீங்கதான எறக்குனீங்க? அதத் தின்னப்புறந்தான் இப்படி ஆச்சி."

"எந்த மூட்டை? காட்டும்மா, பாப்போம்" என்றான் பெருமாள்.

முந்தின நாள் தீவன லாரி வந்து வழக்கமான தீவனத்தை இறக்கிவிட்டு, வெள்ளை மூட்டைகளைக் காலியும் மிச்சமுமாக அள்ளிப்போயிருந்தது.

"தொட்டி அடியில கொஞ்சம் ஒட்டியிருக்குமே" என்று டாக்டர் நடந்தார். தொட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இத ஏன் கழுவுனீங்க?"

"சார்தாங்க போன்ல சொன்னாரு" என்றான் கோவிந்தப்பன்.

"டாக்டர் வந்தா தொட்டி சுத்தமா இருக்கணும், அது எல்லாப் பண்ணைக்கும் சொல்றதுதான். நீ சாட்சிய அழிச்சிட்டு எம்மேல போடுறியா?"

"புள்ளையையும் கிள்ளிட்டு தொட்டிலையும் ஆட்டுறீங்களே சார், நல்லா இருப்பீங்களா?" என்று முனிலட்சுமி கத்தினாள்.

டாக்டர் பெருமாளைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். நாளைக்கும் அவர் அதே கம்பெனிக்குத்தான் போக வேண்டும்.

மதியத்துக்கு மேல் கோழி ஏற்றும் லாரியும், பெருமாள் கொடுத்த புகாரில் போலீஸ் ஜீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆட்கள் கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கித் தராசில் வைத்தார்கள். "செம எடைப்பா" என்றான் ஒருவன். ஒரு கோழிகூடச் சிறகடிக்கவில்லை.

"ரத்தத்துல அது இருக்குன்னு டாக்டர் சொன்னாரே சார், இத எங்க கொண்டு போறீங்க?" என்றாள் முனிலட்சுமி.

"அத்திப்பள்ளி மார்க்கெட்டுக்கு. இது கம்பெனி கோழி, கம்பெனி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு பெருமாள் லாரியின் முன்னால் ஏறிக்கொண்டான்.

கோவிந்தப்பனை இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்காரவைத்து ஜீப் முதலில் கிளம்பியது. வண்டித்தடம் குறுகல். லாரிக்காரன் பின்னாலிருந்து விடாமல் ஹாரன் அடித்தான். கோழி லாரிக்கு வழிவிட்டு, ஜீப் வேலியோரம் ஒதுங்கி நின்றது.